நடை, சைக்கிள், பஸ்: சென்னை வார்டு கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

வார்டுக்குள் அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையிலும், குடியிருப்போர் சங்கத்திலும் சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எல்லாம் பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நடக்கிற விஷயம். மற்ற ஊர்களில் அலுவலகங்களின் பெயர் மாறும்.

பிளாட்பாரம், சைக்கிள், பஸ்னு மூணையும் ஏன் சேர்த்தே பேசுறீங்க? மூணும் வேற வேறதானே?

அலுவலகத்தில் வேறு வேறு. சாலையில் மூன்றும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன: இடது ஓரத்தில். நடப்பவர், சைக்கிள்காரர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மூவருக்கும் அந்தப் பத்தடிதான். அதே பத்தடிக்குள்தான் மழைநீர் வடிகால் மூடி, மின்வாரியப் பெட்டி, மரம், இளநீர் வண்டி, நிறுத்தி வைத்த பைக் எல்லாம். நடு ரோட்டை யாரும் கேட்பதில்லை. ஓரத்துக்குத்தான் அடிதடி.

2008இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு எடுத்த பயணக் கணக்கில், நூறு பயணங்களில் 28 நடை, 26 பஸ், 6 சைக்கிள். கார், டாக்சி இரண்டும் சேர்த்தே 6தான். அதற்குப் பிறகு பைக் கூடியிருக்கிறது, சைக்கிள் குறைந்திருக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் போகிறவர் எல்லாரும் முதலில் நடக்கிறார், கடைசியிலும் நடக்கிறார் என்பது மாறவில்லை. நடைபாதைக்குச் செலவழிப்பது பஸ்ஸுக்கும் செலவழிப்பதுதான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பஸ் ஒழுங்கா வரலைன்னு கவுன்சிலர்கிட்ட சொன்னா "அது என் கையில இல்லம்மா"ங்கிறார். தட்டிக் கழிக்கிறாரா, நிஜமாவே இல்லையா?

நிஜமாகவே இல்லை. மாநகர் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.) மாநில அரசின் நிறுவனம். 1972இல் பல்லவன் என்று தொடங்கியபோதே அப்படித்தான். எந்தத் தடத்தில் எத்தனை பஸ், என்ன கட்டணம், என்ன நேரம் என்பதில் மாநகராட்சி மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. மும்பையில் பெஸ்ட் பஸ் அந்த ஊர் மாநகராட்சியின் கீழ் ஓடுகிறது. நம் ஊரில் அப்படி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை, அதாவது நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 74ஆவது திருத்தம் போட்ட பட்டியல், பஸ் நிறுத்தத்தைச் சொல்கிறது, பஸ்ஸைச் சொல்லவில்லை. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக் கழிப்பிடம் இவற்றோடு ஒரே வரியில் பஸ் நிறுத்தமும் வருகிறது. ஆக, பஸ் வராததற்கு அவர் பொறுப்பில்லை. வருகிற வரைக்கும் நீங்கள் வெயிலில், சாக்கடை மூடி மேல் நிற்பதற்கு அவர் பொறுப்புதான். அடுத்த முறை கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

அப்ப பஸ் வேணும்னா யார்கிட்ட போகணும்?

பக்கத்து டெப்போ மேலாளரிடம் தொடங்கி, பல்லவன் இல்லத்தில் இருக்கும் எம்.டி.சி. தலைமையகம் வரை எழுத்தில் கொடுங்கள். கூடவே சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். போக்குவரத்து மாநிலத் துறை என்பதால் அவர் சொல்லுக்குத்தான் அங்கே எடை. "அடிக்கடி பஸ் விடவும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தத் தட எண், எந்த நிறுத்தம், காலை எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் நடுவில் பஸ் இல்லை, அந்த நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் விடுகிறது என்று எழுதுங்கள். உள் தெருக்களுக்குப் பெரிய பஸ் கேட்காதீர்கள், திரும்ப இடம் இருக்காது. 2013இல் வந்த எஸ் வரிசைச் சிற்றுந்து மாதிரிக் கேளுங்கள்.

எங்க தெரு ரோடு யாருது? மாநகராட்சியா, ஹைவேஸா?

வீட்டு வாசலில் இருக்கிற தெரு என்றால் மாநகராட்சி, அதுவும் மண்டல அலுவலகம். மாநகராட்சியிடம் உட்புறச் சாலைகள் 5,270 கி.மீ. அளவுக்கு இருக்கின்றன. பஸ் போகிற சாலைகளில் மாநகராட்சி பராமரிப்பவை சுமார் 387 கி.மீ.தான். இவற்றுக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் பேருந்து தடச் சாலைகள் துறை என்று தனித் துறையே இருக்கிறது. அண்ணா சாலை, நூறடி ரோடு என்கிற ஜவஹர்லால் நேரு சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம்.

பஸ் ஓடும் சாலையில் உங்கள் வார்டு உதவிப் பொறியாளர் "அது பெரிய ஆபீஸ் வேலை சார்" என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். நடைபாதை சரியில்லை என்று புகார் கொடுக்கும்போது இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனாலே பாதி அலைச்சல் மிச்சம். தெரியாவிட்டால் 1913க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். தங்கள் சாலை இல்லை என்றால் அதையே பதிலாக எழுதி முடித்து வைப்பார்கள். அந்தப் பதில் அடுத்த அலுவலகத்தில் காட்ட உதவும்.

சென்னையில பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்கிறவங்களுக்குன்னு சட்டமே இருக்காமே? அந்தக் காசு எங்க போச்சு?

சட்டம் இல்லை, கொள்கை. 2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவில் இப்படி ஒன்றை முதலில் ஏற்ற மாநகராட்சி நம்முடையது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும், 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்றெல்லாம் இலக்கு வைத்தார்கள். மீறினால் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

இதில் பலர் கவனிக்காதது தேதி. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இலக்கு ஆண்டு வந்து போனபோது ரிப்பன் மாளிகையில் "ஏன் செய்யவில்லை" என்று எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கொள்கை இன்னும் இருக்கிறது. மன்றக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலர் அதை மேற்கோள் காட்டிக் கேட்கலாம். கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் நடைபாதை பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். வடிகால் கட்டுகிறவர் தண்ணீரைப் பார்க்கிறார், நடப்பவரைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரு வீட்டு வாசலில் ஓரடி உயரம், அடுத்த வாசலில் தரைமட்டம், அதற்கடுத்து திறந்த மூடி. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டியின்படி நடைபாதை 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நடக்கத் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர், அதாவது ஆறடி வேண்டும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். பெட்டி, கம்பம், மரத்தடித் திட்டு எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் அகலம்.

கவுன்சிலரே இல்லாத காலத்துலதான் பாண்டி பஜார் நடைவளாகம் வந்தது. அப்ப அரசியல்வாதி இல்லாமலே நல்லது நடக்குதே?

நல்ல குத்தல், பதில் சொல்லக் கொஞ்சம் சிரமமான கேள்வியும்கூட. தியாகராய சாலையில் 2019 நவம்பரில் திறந்த அந்த வளாகம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், சுமார் 40 கோடி ரூபாயில், அதிகாரிகள் முன்னின்று நடத்தியதுதான். கவுன்சிலர்கள் இருந்திருந்தால் பார்க்கிங் போகிறதே என்று கடைக்காரர்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள், வேலை இழுத்திருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதன் நீளம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கிருந்து நான்கு தெரு தள்ளிப் போங்கள், பழைய கதைதான். அதிகாரி ஒரு சாலையைக் காட்சிக்கு வைக்க முடியும், மாற்றலாகிப் போவார். 200 வார்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக நடைபாதை வேண்டுமென்றால் 200 பேர் அவரவர் வார்டுக்காக மன்றத்தில் கத்த வேண்டும். கத்தலைத் தவிர்த்து வருகிற சாலை பாண்டி பஜார் அளவோடு நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

கடைக்காரங்க "பார்க்கிங் எடுத்தா வியாபாரம் படுத்துடும்"ங்கிறாங்க. அவங்களும் வரி கட்டுறவங்கதானே?

கட்டுகிறார்கள், அவர்கள் பயமும் பொய்யில்லை. ஆனால் கடை வாசலில் காலையிலிருந்து நிற்கிற வண்டி யாருடையது என்று ஒரு நாள் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரருடையது, இல்லாவிட்டால் கடைப் பையனுடையது, அதுவும் இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்காரருடையது. வாடிக்கையாளர் சந்துக்குள் நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறார். முழு நாள் நிறுத்துவதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வைத்தால் அந்த இடம் வாடிக்கையாளருக்குத்தான் காலியாகும்.

இதைக் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சொன்னால் சண்டை வரும். முன்னாலேயே வணிகர் சங்கத்துடன் தனியாகப் பேசிவிடுங்கள். சரக்கு இறக்கக் காலை நேரம் ஒதுக்குவது, டெம்போ நிற்க ஓர் இடம் என்று அவர்கள் கேட்பதில் நியாயமானவற்றை உங்கள் மனுவிலேயே சேர்த்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பிளாட்பாரக் கடைங்களைத் தூக்கினாத்தானே நடக்க முடியும்?

தூக்குவதற்கு முன் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கிற வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே கடை, எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். பாண்டி பஜாரில் 2013இலேயே வியாபாரிகளைக் கட்டடத்துக்குள் மாற்றினார்கள். மாடி ஏறிப் பூ வாங்க யார் போவார்கள்? அங்கே வியாபாரம் இல்லை என்று அவர்கள் புலம்பியதில் ஆச்சரியமில்லை.

பூக்காரம்மாவும் இட்லிக் கடையும் இருக்கிற தெருவில்தான் இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் பஸ் இறங்கி நடக்கிறார்கள். எனக்குக் கடை பிரச்சினையில்லை, கடையை ஒட்டி நிறுத்துகிற பைக்தான் பிரச்சினை. நடக்க ஆறடி விட்டு, மரமும் மின்பெட்டியும் இருக்கிற வரிசையிலேயே கடைக்கும் இடம் குறித்துக் கொடுத்தால் இரண்டும் ஓடும்.

பைக் ஏறாம இருக்க பிளாட்பாரத்துல கம்பி நட்டுட்டா முடிஞ்சுதே?

முடியவில்லை. சக்கர நாற்காலியின் அகலத்தையும் ஸ்கூட்டர் கைப்பிடியின் அகலத்தையும் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய 70 செ.மீ.க்குள் வரும். நாற்காலி நுழைகிற இடைவெளியில் ஸ்கூட்டர் நுழையும், ஸ்கூட்டர் நுழையாத இடைவெளியில் நாற்காலியும் நுழையாது. கம்பி நட்ட இடத்தில் கடைசியில் மாட்டிக்கொள்வது நாற்காலிக்காரரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிற அம்மாவும். பைக்காரர் அடுத்த வீட்டுச் சரிவில் ஏறிவிடுவார்.

கம்பி முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் ஏறி நிற்பதை அது நிச்சயம் தடுக்கும். ஆனால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். பைக்கைத் தடுப்பது போக்குவரத்துக் காவலரின் அபராதச் சீட்டுதான், கம்பியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

எங்க ஸ்டாப்புல புதுசா நிழற்குடை வெச்சாங்க. இப்ப பிளாட்பாரத்துல நடக்கவே முடியல. நல்லது பண்ணினாங்களா கெட்டது பண்ணினாங்களா?

நல்லதைக் கெட்ட இடத்தில் வைத்தார்கள். நிழற்குடை சாலை விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும், அதன் முதுகுப் பக்கம் நடக்க வழி விட வேண்டும். பல இடங்களில் நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு, விளம்பரம் வருகிற வண்டிக்கு நன்றாகத் தெரிகிற கோணத்தில் வைத்திருக்கிறார்கள். நடப்பவர் ரோட்டில் இறங்குகிறார். குடைக்குள் இருப்பவருக்கும் பஸ் வருவது தெரியாததால் அவரும் இறங்குகிறார்.

பஸ் ஒதுங்குவதற்கென்று நடைபாதையை உள்ளே குடைந்து இடம் விடுவது இன்னொரு தப்பு. டிரைவர் அதற்குள் போக மாட்டார், போனால் திரும்ப வெளியே வர யாரும் வழி விடுவதில்லை. அதனால் ரோட்டிலேயே நிறுத்துவார், குடைந்த இடத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும், நீங்கள் இரண்டுக்கும் நடுவே ஓடுவீர்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். நிறுத்தத்தில் நடைபாதையை வெளியே கொஞ்சம் நீட்டிவிட்டால் பஸ் தன் பாதையிலேயே வந்து விளிம்பை ஒட்டி நிற்கும். குடைக்கும் இடம் கிடைக்கும், நடக்கவும் இடம் கிடைக்கும். மனுவில் இதற்கு ஒரு படம் வரைந்து கொடுங்கள். வார்த்தையில் சொன்னால் பொறியாளர் மறுபடியும் குடைந்துவிடுவார்.

தாழ்தள பஸ் வந்துடுச்சே, அப்புறம் ஸ்டாப் எப்படி இருந்தா என்ன?

மாற்றுத்திறனாளிகள் நீண்ட காலம் நீதிமன்றத்தில் போராடிய பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் வந்தன. 2025 ஜூனில் மின்சார பஸ்களும் சேர்ந்தன. அந்த பஸ்ஸில் ஒரு சாய்தளப் பலகை இருக்கிறது. நடைபாதை விளிம்பை ஒட்டி நின்றால் பலகை நடைபாதைமேல் அமரும், நாற்காலி நேராக உருளும். ஆறடி தள்ளி நின்றால் பலகை தார்மேல் விழும், ஏற்றம் செங்குத்தாகும், பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டும். பஸ்ஸுக்குக் கோடிக்கணக்கில் மாநிலம் செலவழித்து, நிறுத்தத்துக்கு மாநகராட்சி செலவழிக்காவிட்டால் வருகிற விளைவு இது. முன் கேள்வியில் சொன்ன நீட்டிய நடைபாதை இதற்கும் மருந்து.

மெட்ராஸ்ல இந்த வெயில்ல சைக்கிள் யாரு சார் ஓட்டுறா? நாலு பேரு ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஈசிஆர்ல போறதுக்கு நம்ம வரிப்பணமா?

ஈசிஆர் ஆட்களை விடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள். பால் பாக்கெட், பேப்பர், டீ கேன், இரவு வேலை முடிந்து போகிற வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார், எல்லாம் சைக்கிள். எட்டு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிளை மாநிலம் கொடுக்கிறது. அதை ஓட்ட ஓர் ஓரத்தைக் கொடுப்பது ஒருவர் வேலையும் இல்லை.

இவர்கள் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. வருகிறவர் ஹெல்மெட்காரர் என்பதால் சைக்கிள் என்றாலே பணக்கார விளையாட்டு என்று கவுன்சிலர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 2019இல் வந்த வாடகைச் சைக்கிளும் செயலி வைத்து எடுக்கிற மாதிரிதான் வந்தது. வாட்ச்மேனை மனதில் வைத்துப் போட்ட திட்டமாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டா பஸ்ஸுக்கு ஓரம் கிடைக்காது. பஸ்ஸை உள்ள விட்டா சைக்கிள்காரன் சாவான். இதுல எந்தப் பக்கம் நீங்க?

இந்தக் கேள்வியில்தான் நம் ஆட்களே பிரிந்து போகிறார்கள். முதலில் கணக்கு. நூறடி சாலை என்றால் 30 மீட்டர். இரு பக்கமும் இரண்டரை மீட்டர் நடைபாதை, இரண்டு மீட்டர் சைக்கிள் பாதை போட்டால் 9 மீட்டர் போகும். நடுத்தடுப்புக்கு ஒரு மீட்டர். மீதி 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. பஸ்ஸும் காரும் போக மூன்று வரிசை தாராளமாக வரும். மெட்ரோ தூண் இருக்கிற இடத்தில் கொஞ்சம் இறுக்கும். இடம் இல்லை என்று சொல்கிற எந்தப் பெரிய சாலையிலும் ஒரு வரிசை முழுக்க வண்டி நிறுத்தியிருக்கிறார்கள். பஸ்ஸையும் சைக்கிளையும் மோதவிட்டு நிறுத்திய கார் நிம்மதியாக நிற்கிறது.

நிறுத்தத்தில் மட்டும் உண்மையான மோதல் உண்டு. அங்கே சைக்கிள் பாதையை நிழற்குடைக்குப் பின்னால் வளைத்து விட வேண்டும், பயணிகள் கடக்கிற இடத்தில் சைக்கிள் மெதுவாகப் போக நடைபாதை மட்டத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அதற்கும் இடம் இல்லாத, 60 அடிக்குக் குறைந்த பஸ் சாலை என்றால் நான் பஸ் பக்கம். வரிசை கேட்டால் நடை முதலில், பஸ் இரண்டாவது, தனிச் சைக்கிள் பாதை மூன்றாவது. சைக்கிள் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு பஸ்ஸில் அறுபது பேர் நின்றுகொண்டு போகிற ஊரில் வேறு வரிசை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்க தெரு முப்பதடி. இதுல மூணுக்கும் இடம் எங்க?

மூன்றுக்கும் தனித்தனியாக இடம் வேண்டியதில்லை. முப்பதடி என்றால் ஒன்பது மீட்டர் சொச்சம். இரு பக்கம் ஆறடி நடைபாதை போனால் ஐந்தரை மீட்டர் மிச்சம். ஒரு பக்கம் கார் நிறுத்தினால் மூன்றரை. அவ்வளவுதான் தெரு. இதில் சைக்கிள் பாதை கேட்பது வீண். வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். சென்னைக் காவல்துறை 2023 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ.தான் உச்ச வேகம். அந்த வேகத்தில் சைக்கிளும் காரும் ஒன்றாகப் போகலாம், பிள்ளைகள் கடக்கலாம். பலகை வைத்தால் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். தெருமுனையை ஒடுக்கி, கடக்கிற இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் கேட்பார்கள்.

ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பதையும் கையோடு கேளுங்கள். மில்லிங் செய்யாமல் மேலே மேலே போட்டால் நடைபாதை தரைமட்டமாகும், அடுத்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர்.

பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ் விட்டதாலதானே பிளாட்பாரத்துக்குக் காசு இல்ல?

இல்லை. இரண்டும் வேறு வேறு கஜானா. 2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணத்துக்கு மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு கொடுக்கிறது. நடைபாதைக்கு உங்கள் சொத்து வரி, அரசு மானியம், திட்ட நிதி. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

தொடர்பு வேறு விதத்தில் இருக்கிறது. டிக்கெட் இல்லை என்றதும், முன்பு வீட்டோடு இருந்தவர்களும் மூன்று நிறுத்தம் நடந்தே போனவர்களும் பஸ் ஏறத் தொடங்கினார்கள். நிறுத்தத்தில் கூட்டம் கூடியது. நிறுத்தம் அதே பழைய அகலம்.

மெட்ரோ ரெண்டாம் கட்டம் முடிஞ்சா இதெல்லாம் தானா சரியாயிடாதா?

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடத்தில் சுமார் 119 கி.மீ. நல்ல விஷயம்தான். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு மெட்ரோ வராது, அந்த ஒரு கிலோமீட்டர் உங்கள் வார்டுதான். வேலை நடக்கிற காலத்தில் தகரத் தடுப்பு வைத்து நடைபாதையை விழுங்கிய இடங்களில், நடக்கத் தற்காலிக வழி விடச் சொல்லி மெட்ரோ நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். மாநகராட்சிக்கு எழுதினால் அங்கே அனுப்புவதற்குள் தடுப்பையே எடுத்துவிடுவார்கள்.

இவ்வளவு ஆபீஸ் இருக்கே, எல்லாத்தையும் ஒண்ணா பார்க்க ஆளே இல்லையா?

இருக்கிறது. கும்டா என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010இல், அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில். பன்னிரண்டு வருடம் சும்மா இருந்ததிலிருந்தே ஒரு துறை இன்னொரு துறைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கிற 'சென்னை ஒன்' செயலி அவர்கள் வழியாக வந்தது. உருப்படியான வேலை. உங்கள் தெரு நடைபாதைக்கு அங்கே போகாதீர்கள், அது அவர்கள் அளவு இல்லை. நிறுத்தத்தையும் நிலையத்தையும் இணைக்கிற விஷயமானால் ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.

இதுக்கெல்லாம் ஓட்டு விழுமா சார்? கவுன்சிலர் ஏன் மெனக்கெடணும்?

நேர்மையான கேள்வி. பார்க்கிங் போனவன் மறக்க மாட்டான், நடைபாதை கிடைத்தவன் நன்றி சொல்ல மாட்டான். டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே பஸ்ஸுக்குத் தனிப் பாதை விட்டார்கள். கார்க்காரர்கள் போட்ட சத்தத்தில் 2016இல் இடித்துவிட்டார்கள். பஸ்ஸில் வேகமாகப் போன பெருங்கூட்டத்திலிருந்து அந்த அளவுக்கு எதிர்ச்சத்தம் எழவில்லை.

ஆனால் உள்ளாட்சிக் கணக்கு வேறு. 2022 தேர்தலில் சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இப்படி ஆட்கள் வராத தேர்தலில் ஒரு நிறுத்தத்தில் தினமும் நிற்கிற சில நூறு பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கேட்டால் வேட்பாளர் கணக்குப் போடுவார். மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. பஸ்ஸில் ஏறுகிற பெண்களைத் திரட்டிக்கொண்டு போனால் அந்தக் கவுன்சிலருக்கு விளக்கமே தேவைப்படாது என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

கோர்ட்டுக்குப் போனா சீக்கிரம் வேலை நடக்காதா?

கோர்ட் ஏற்கனவே சொல்லிவிட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் மனுவின் முதல் பத்தியில் இதை எழுதுங்கள். அதற்காகத் தனி வழக்குப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் அலைய வேண்டாம்.

பகுதி சபையில போய் என்னன்னு கேட்கிறது? அங்க எல்லாம் அவங்க கட்சி ஆளுங்கதானே உட்கார்ந்திருக்காங்க?

பல இடங்களில் அப்படித்தான். 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன்கீழ் பகுதி சபைகள். முதல் சபைகள் அந்த வருடம் நவம்பர் 1 அன்று கூடின. பகுதிப் பிரதிநிதிகள் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள் இல்லை, நியமனம்தான். ஆனால் சபையில் அந்தப் பகுதி வாக்காளர் யாரும் உட்காரலாம், பேசலாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. "நடைபாதை வேண்டும்" என்று கேட்காதீர்கள். "மருந்துக் கடையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, 120 மீட்டர், ஆறடி அகலம், நடுவில் உள்ள இரண்டு மின்பெட்டிகளைச் சுவரோரம் மாற்ற வேண்டும்" என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வேலை ஒதுக்கிய பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீட்டு நகலும், செய்த வேலையின் அளவைப் பொறியாளர் எழுதி வைக்கிற எம் புக் (அளவுப் புத்தகம்) நகலும் கேளுங்கள். முப்பது நாளில் தர வேண்டும். எம் புக்கில் எழுதியிருக்கிற அகலமும் உங்கள் டேப் காட்டுகிற அகலமும் ஒன்றாக இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கோரிக்கை தயார்.